வீட்டில் பிள்ளைகளுக்குச் சீனம்: ஆப், கொப்பி, வாய்

ஹட்டன் பக்கப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தமிழ், ஆங்கிலம், சிங்களம் என்று மூன்று மொழி. "சிங்களமே இன்னும் ஒழுங்கா வரல, இதுல சீனம் வேறயா?" என்று மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு நுவரெலியாவில் ஹோட்டல் வேலை. சீன விருந்தாளிகளிடம் அவர் பொறுக்கிக்கொண்டு வந்த நாலு வார்த்தையில் ஆரம்பித்து, பிறகு நானும் பிள்ளைகளோடு சேர்ந்தே படித்தேன். மூத்தவன் இப்போது நாலாம் ஆண்டு, சின்னவள் முன்பள்ளி.

டுவோலிங்கோ, ஹலோசைனீஸ் என்ற மொழி ஆப் இரண்டையும் போனில் போட்டுப் பார்த்தோம். சொற்கள் ஏறுகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படத்தைத் தொட்டுத் தொட்டே பிள்ளை பாதிப் பாடத்தை முடித்துவிடும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. காசு கட்டிச் சேர்ந்த ஓர் ஒன்லைன் வகுப்பு அதைவிட மோசம்: அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்த, யார் சரியாகச் சொன்னது என்று டீச்சருக்கே கேட்காது. மழைக்காலத்தில் சிக்னலும் போய்விடும். மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டோம்.

சீனத்தில் வாய்தான் எல்லாம். நாலு தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், அதோடு அழுத்தமில்லாத ஒன்று. அம்மா, குதிரை, திட்டுவது மூன்றுக்கும் 'மா'தான், தொனிதான் வேறு. மேலே நீட்டி ஒன்று, தாழ்ந்து எழும்பி ஒன்று, வெட்டி இறக்கி ஒன்று என்று கையை ஆட்டிக்கொண்டே சொல்லவைத்தேன். கிரகரி வாவிக் கரையில் குதிரையைப் பார்த்த அன்று "அம்மா குதிரையைத் திட்டுகிறாள்" என்பதை வெறும் மா மா மாவாகச் சொல்லி, இருவரும் வழியெல்லாம் அதே கூத்து. அதற்குப் பிறகு அந்தத் தொனிகள் மறக்கவில்லை.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்பாவும் 'பா', பயப்படுவதும் 'பா'. இரண்டுமே வெட்டி இறக்கும் நாலாம் தொனி. வித்தியாசம் மூச்சில், அதைத் தமிழ் எழுத்து காட்டாது. மெல்லிய டிஷ்யூத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்தால், அப்பாவுக்குச் சும்மா இருக்கும், பயத்துக்குத் துள்ளும். சின்னவளுக்கு இதுதான் பிடித்த விளையாட்டு. சீன உச்சரிப்பை எழுதிக் காட்ட 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறை ரோமன் எழுத்துகளில் இருப்பதால், மூத்தவன் அதை இங்கிலீஷாகவே வாசிக்கப் பார்க்கிறான். 'க்யூ' எழுத்துக்கு அங்கே 'ச்சி' மாதிரி ஓர் ஒலி. ஆகவே சின்னவளுக்கு இன்னும் பின்யின் காட்டவில்லை. நாக்கை மடிக்கும் ஒலிகளில் மட்டும் நமக்குக் கொஞ்சம் யோகம். ட, ழ பழகிய நாக்கு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

உறவுமுறையும் லேசாக வந்துவிட்டது. அண்ணன் 'கக', தம்பி 'தீதி', அக்கா, தங்கச்சிக்கும் தனித்தனிச் சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் ஒரே 'அங்கிளி'ல் அடைக்காத மொழி. எண்ணும் அப்படித்தான், பதினொன்று 'பத்து ஒன்று', இருபது 'இரண்டு பத்து'. பத்து வரை தெரிந்தால் தொண்ணூற்றொன்பது வரை தானாக ஓடும்.

எழுத்துக்குத் தனிக் கொப்பி வாங்கத் தேவையில்லை. கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் நாலு சின்னக் கட்டத்தைச் சேர்த்துப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டால், நடுவில் சிலுவையோடு பெரிய கட்டம் கிடைக்கும். சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகும் கட்டமும் இதே அமைப்புத்தான். மலை, மரம், வாய், மனிதன் என்று தொடங்கினோம். ஒரு மரம் மரம், இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் அடர்ந்த காடு. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசையை முதலிலேயே கறாராகப் பிடிக்கவேண்டும். பழகின கையைத் திருத்துவது பெரும்பாடு.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வை.சி.டி. என்ற சீன மொழிப் பரீட்சையின் முதல் படிக்கு 80 சொல், இரண்டாவதுக்கு 150. மூத்தவன் முதல் படிக்கான சொற்களைத் தாண்டிவிட்டான், பரீட்சைக்குத்தான் இன்னும் அனுப்பவில்லை. அடுத்த வருடம் அவனுக்கு ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில். அது முடியும்வரை இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம், அதற்கு மேல் கிடையாது.