எக்ஸோமா, மைக்ரோஅரேயா, ஜீனோமா: மகனுக்காக நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் வீட்டு பீரோவில், பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கிற தட்டிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது. பாலித்தீன் கவரில் சுற்றி, மேலே மகனின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். இரத்தத்திலிருந்து ஜீன்களைப் படித்துப் பார்க்கும் எக்ஸோம் என்ற சோதனை அவனுக்கு எடுத்தோம், அதன் மூலத் தரவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி பெங்களூரில் தம்பி வீட்டில்.

"ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்கக்கா, எது எடுக்கறது?" என்று கேட்டு பர்கூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் போன் வருகிறது. ஒரு தடவை பென்னாகரத்திலிருந்துகூட வந்தது. கேட்பவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலச் சொந்தத்தில் கட்டியவர்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன். என் மாமியாரும், அம்மாவைப் பெற்ற ஆயாவும் ஒரே ஆள்தான். நான் டாக்டர் இல்லை, காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் இந்த நான்கு வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறேன்: முடிந்தால் முழு எக்ஸோம் எடுங்கள், மூலத் தரவைக் கையில் வாங்குங்கள். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பத்தாவது மாதம் வலிப்பு வந்தது. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பயிற்சிக்காக அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள், மரபணுவைப் பார்க்க பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் பஸ் ஏறத்தான் வேண்டும்.

முதலில் எடுத்தது கேரியோடைப். குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோம் போல ஒரு குரோமோசோமே கூடியிருந்தால் பளிச்சென்று தெரியும், சின்னப் பிழை தெரியாது. எங்களுக்கு நார்மல் என்று வந்தது. டவுன் சந்தேகம் இல்லாத குழந்தைக்கு இதிலிருந்து தொடங்க வேண்டிய காலம் போய்விட்டது.

அடுத்தது மைக்ரோஅரே. குரோமோசோமில் எங்காவது ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. 2010 வாக்கில் வளர்ச்சி தாமதம் உள்ள குழந்தைகளுக்கு இதைத்தான் முதல் சோதனையாக வைத்தார்கள். கேரியோடைப்பில் 100 பேரில் 3 பேருக்குக் காரணம் தெரிந்தது என்றால் இதில் 15 முதல் 20 பேருக்குத் தெரிந்தது. இதயக் குறை, முக அமைப்பில் மாற்றம் என்று பல உறுப்புகளில் கோளாறு சேர்ந்து இருக்கிற குழந்தைக்கு இது இன்றும் நல்ல சோதனைதான். எங்கள் மகனுக்கு எந்தத் துண்டும் விடுபடவில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அப்பா வழியில் வந்த பிரதியும் அம்மா வழியில் வந்த பிரதியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் நீண்ட பகுதிகள், மொத்தத்தில் கிட்டத்தட்ட 12 சதவீதம். தாய்மாமனைக் கட்டியவர்களின் பிள்ளைக்குக் கணக்குப்படி வர வேண்டியது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5. எங்கள் கல்யாணப் பத்திரிகையையே யாரோ இரத்தத்தில் படித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆயாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "நாங்க பண்ணி வெச்சதுதானே" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த தடவை பெங்களூருக்கு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த மரபணு ஆலோசனை கவுன்சலர் தெலுங்கிலேயே பொறுமையாகச் சொன்னார். பழுதான ஜீன் ஒன்றிரண்டாவது இல்லாத மனிதரே கிடையாது. ஒவ்வொரு ஜீனிலும் நமக்கு இரண்டு பிரதி, ஒன்று பழுதானால் பெரும்பாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஜீனில் அம்மா, அப்பா இருவரிடமும் பழுது இருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நோய். யாரும் தப்புச் செய்யவில்லை பாட்டி என்றார். திரும்பி வரும்போது சூளகிரி தாண்டியதும் ஆயா டீ கேட்டுக் குடித்தார்.

சொந்தத்தில் கட்டாதவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். 2017இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டவர்கள் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தார்கள். பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால், சில பழைய முன்னோர்களின் ஜீன்களே திரும்பத் திரும்ப வரும் நிலை 81 சமூகங்களில் இருந்தது. மரபு நோய் ஆராய்ச்சிக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்களையும்விட அது அதிகம். தூரத்து ஊரில் பெண் எடுத்தாலும் ஒரே சாதிக்குள் என்றால் முன்னோர் ஒருவராக இருக்கலாம்.

மூன்றாவது, பேனல். வலிப்புக்கான ஜீன்கள், தசைக்கான ஜீன்கள் என்று ஒரு பட்டியல் வைத்து அதை மட்டும் படிப்பார்கள். விலை குறைவு, ரிப்போர்ட் சீக்கிரம் வரும். அறிகுறிகளைப் பார்த்தே இன்ன நோய் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார் என்றால் எடுக்கலாம். எங்களுக்கு அப்படி ஒரு பெயர் யாரும் சொல்லவில்லை.

மீதி இருந்தது எக்ஸோமும் ஜீனோமும். மனித ஜீனோம் சுமார் 300 கோடி டி.என்.ஏ. எழுத்து. அதில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி ஒன்று, இரண்டு சதவீதம்தான். சுமார் 20,000 ஜீன்கள். அந்தப் பகுதியை மட்டும் படிப்பது எக்ஸோம். இதுவரை தெரிந்த ஒற்றை ஜீன் நோய்களுக்கான பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. 300 கோடியையும் படிப்பது ஜீனோம். 2021இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி, வளர்ச்சி தாமதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த இரண்டில் ஒன்றை முதல் அல்லது இரண்டாவது சோதனையாகவே எடுக்கலாம் என்று வழிகாட்டியது.

இந்த இடத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். எக்ஸோம் என்ற பெயரிலேயே இரண்டு இருக்கிறது. கிளினிக்கல் எக்ஸோம் என்பது இன்றைக்கு நோயோடு தொடர்பு தெரிந்த சில ஆயிரம் ஜீன்களை மட்டும் படிப்பது. முழு எக்ஸோம் 20,000 ஜீன்களையும் படிப்பது. எங்களுக்கு இரண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் சொன்னார்கள். இன்றைக்கு வரும் ரிப்போர்ட் இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் இரண்டு, மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும்.

எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரத்தம் எடுத்தார்கள். மகனின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். ரிப்போர்ட் வர ஒன்றரை மாதம் ஆனது. ஒரு ஜீனில் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் என்று போட்டு, பக்கத்தில் வி.யு.எஸ். என்று எழுதியிருந்தது. 2015 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து வகையில் பிரிக்கிறார்கள்: நோய் தரும், நோய் தரக்கூடும், தெரியவில்லை, தீங்கு இல்லாமல் இருக்கக்கூடும், தீங்கு இல்லை. வி.யு.எஸ். என்றால் நடுவில் இருக்கிற "தெரியவில்லை". எங்கள் இருவர் இரத்தத்திலும் அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி இருவரிடமும் ஒவ்வொரு பிரதி. அப்படியும் அது "தெரியவில்லை"யாகத்தான் நின்றது.

இந்த வார்த்தையின் பாரம் அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போதுதான் தெரியும். காரணம் உறுதியானால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைக் கொஞ்சம் எடுத்து, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு பழுதுப் பிரதியும் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வி.யு.எஸ்.ஸை நம்பி அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. நோய்க்குச் சம்பந்தமே இல்லாத மாற்றத்தை வைத்து ஒரு கர்ப்பத்தை முடிவு செய்கிற ஆபத்து. இருவரும் ஒவ்வொரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று எங்கள் உறவில் ஒருவர் சொன்னார். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாக நான்கில் ஒன்றுதான். நாங்கள் காத்திருந்தோம்.

கவுன்சலர்தான் மறு ஆய்வு பற்றிச் சொன்னார். புதிதாக இரத்தம் வேண்டாம், பழைய தரவையே எடுத்து, இப்போதைய அறிவை வைத்துத் திரும்பப் படிப்பது. பிரிட்டனில் 1,133 குழந்தைகளின் தரவை இப்படித் திரும்பப் படித்தபோது, காரணம் தெரிந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். 2018இல் அந்த முடிவு வெளியானது. இரத்தம் மாறவில்லை, இடைப்பட்ட வருஷங்களில் புது ஜீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன, அலசும் முறைகள் மேம்பட்டன. பட்டியலிலேயே இல்லாத ஜீனைப் பேனலிலோ கிளினிக்கல் எக்ஸோமிலோ படித்திருக்கவே மாட்டார்கள், திரும்பப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. நான் முழு எக்ஸோம் என்று அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம்மவர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. ஒரு மாற்றம் தீங்கானதா என்று பார்க்க, ஆரோக்கியமான மனிதர்களிடம் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உலகத் தரவுத்தளத்தில் தேடுவார்கள். அதில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தெரியும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகங்களைச் சேர்ந்த 9,768 பேரின் ஜீனோமை அலசிய முதல் முடிவுகள் 2025இல் வெளியாயின. இந்த மாதிரித் தரவு சேரச் சேர, பழைய வி.யு.எஸ்.களில் சில தீங்கில்லை என்று கழியும், சில நோய்தான் என்று உறுதியாகும்.

எங்கள் விஷயத்தில் 2023இல் மறு ஆய்வு செய்தார்கள். அதற்குள் வேறொரு குடும்பத்தில் இதே மாற்றத்தோடு, இதே அறிகுறிகளோடு இன்னொரு குழந்தை பதிவாகியிருந்தது. மகனுக்கு நடுவில் கண் அசைவில் வந்த மாற்றத்தையும் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அதுவும் அந்த ஜீனின் நோயோடு பொருந்தியது. "நோய் தரக்கூடும்" என்ற வகைக்கு மாற்றி எழுதினார்கள். அதனால்தான் சொல்கிறேன், குழந்தையிடம் புதிதாக எது தெரிந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள். தலைச் சுற்றளவை மாதம் ஒரு தடவை டேப்பில் அளந்து எழுதுவது ஐந்து நிமிட வேலை.

ஆனால் அந்த மறு ஆய்வுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோதனை செய்த இடத்தில் முதலில் தரவு தர மாட்டோம் என்றார்கள். பிறகு இதுவரை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை என்றார்கள். நான்கு மாதம் மெயில் அனுப்பி, ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார்கள். இரத்தம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பாஸ்ட்க்யூ (படித்த எழுத்துகள் அப்படியே இருக்கும் மூலக் கோப்பு), வி.சி.எஃப். (கண்ட மாற்றங்களின் பட்டியல்) கோப்புகள் இரண்டும் தருவீர்களா, எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், மறு ஆய்வுக்கு எவ்வளவு. பதில் சரியில்லை என்றால் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் அங்கே கொடுக்காதீர்கள்.

ஜீனோம் பற்றி நான் அதிகம் பேச முடியாது, நாங்கள் எடுக்கவில்லை. அப்போது எங்களுக்குச் சொன்ன விலை எக்ஸோமைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 2024இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு என்னை யோசிக்க வைத்தது. ஆர்.என்.யு.4-2 என்று ஒரு குட்டி ஜீன், 141 எழுத்துதான். புரதம் செய்யாத ஜீன் என்பதால் எக்ஸோமில் அது வழக்கமாகச் சேர்வதில்லை. வளர்ச்சி தாமதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 250இல் ஒருவருக்கு அதுதான் காரணம் என்று ஜீனோம் தரவிலிருந்து தெரிந்தது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக வரும் பிழை அது. ஆகவே சொந்தத்தில் கட்டாத, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத நிலையில், பணமும் இருந்தால் ஜீனோமுக்கு என் மனம் சாய்கிறது. எக்ஸோம் என்றாலும் அப்படிப்பட்டவர்கள் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருக்கும் சேர்த்து எடுப்பது நல்லது என்றார் கவுன்சலர். சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிள்ளைக்கு மட்டும் எடுத்து, கண்ட இடத்தைப் பெற்றோரிடம் சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

எக்ஸோமும் எல்லாவற்றையும் பிடிக்காது. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற நோயில் மூன்று எழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். அதற்குத் தனிச் சோதனை. தசை நலிவு நோயான எஸ்.எம்.ஏ.வுக்கும் தனியாகக் கேட்டு எடுப்பதுதான் சரி.

இவ்வளவு செய்து மகனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், மருந்து கிடைக்கவில்லை. பயோடினிடேஸ் குறைபாடு போன்ற சிலவற்றில் பெயர் தெரிந்ததும் தினமும் ஒரு வைட்டமின் மாத்திரையே வாழ்க்கையை மாற்றிவிடும். எங்களுக்கு அந்த வகை அமையவில்லை. அவனுக்கு இப்போது ஐந்து வயது. பிடித்துக்கொண்டால் உட்காருகிறான், மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டால் சிரிக்கிறான். தேவையில்லாத ஸ்கேன்களும் மருந்து மாற்றங்களும் நின்றன. 2024இல் நான் மறுபடி உண்டானபோது 12ஆவது வாரம் நஞ்சுக்கொடித் திசு எடுத்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பிரதிதான் பழுது என்று வந்தது. மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, எதைப் பிடித்தாலும் எழுந்து நிற்கிறாள்.

இப்போது என் பெரிய மாமா மகளுக்குச் சொந்தத்திலேயே பேச்சு நடக்கிறது. மகனிடம் கண்ட மாற்றம் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடலாம். அந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பதால் செலவு குறைவு, கூடவே மகனின் ரிப்போர்ட் நகலும் வேண்டும். போன வாரம் இருவரையும் நானே கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிப்போய் இரத்தம் கொடுக்க வைத்தேன். ஆயாதான் முதலில் சொன்னார், "பாத்துட்டே தட்டு மாத்தலாம்" என்று. ரிப்போர்ட் மூன்று வாரத்தில் வரும் என்றிருக்கிறார்கள்.