மேற்குச் சுவர் நீங்கலாக: ஒரு சின்ன கேலரியை மூன்று ஆண்டு பயன்படுத்திய அனுபவம்

வாடகையைக் குறைத்துவிட்டார்களாமே, முதல் தனிக் கண்காட்சிக்கு அந்தக் கேலரியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைத்தது உண்மைதான். மேற்குச் சுவருக்குப் பட்டி பார்த்து (சுவரைச் சமன்செய்யும் மாவு பூசி), வெள்ளை அடித்து முடித்த கையோடு குறைத்திருக்கிறார்கள். இரண்டு செய்தியையும் சேர்த்தே படியுங்கள். மூன்று ஆண்டில் அந்தச் சுவருக்குப் பட்டி பார்ப்பது இது மூன்றாவது முறை.

இடத்தைப் பற்றி நீங்களே போய்ப் பார்த்துவிட்டதால் விவரிக்கத் தேவையில்லை. சென்னையில் கடல் காற்று எட்டும் தூரத்தில் ஒரு பழைய வீடு. முன்கூடம் கேலரி, பின்பக்கத் தகரக் கொட்டகை பட்டறை. படம் மாட்ட மூன்று சுவர். அதில் பெரியது, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது, மேற்குச் சுவர். யாராக இருந்தாலும் தன் பெரிய படத்தை அங்கேதான் மாட்ட ஆசைப்படுவார்கள். வினை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சுவரில் ஓதம், அதாவது உள்ளே ஊறிய ஈரம். புதிதாக அடித்த வெள்ளை இரண்டு மூன்று மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும். விரலால் தட்டினால் அப்பளம் போல் உடையும், உள்ளே வெள்ளை மாவு. அதுதான் உப்புப் பூத்தல். காரணம் சிக்கலானதல்ல. சுவருக்கு மறுபக்கம் குளியலறை, அதன் குழாய் கசிகிறது. செங்கல் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கிறது, ஈரம் தன்னோடு உப்பையும் கொண்டுவருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஈரம் ஆவியாகப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். மேலே சுண்ணாம்பு மட்டும் இருந்தால் கொஞ்சம் பொடி உதிரும், துடைத்துவிட்டுப் போகலாம். இவர்கள் அடித்திருப்பது பட்டிக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் எமல்ஷன். பிளாஸ்டிக் தோல் மாதிரி ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறது. உப்பு அந்தத் தோலைப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி உரித்துவிடுகிறது. இன்னொன்று, உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். குழாய்க் கசிவை நிறுத்திவிட்டாலும் புழுக்கமான நாளில் சுவர் வியர்க்கும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்தா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஓரடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் சுவர் குற்றவாளி. வெளிப்பக்கம் கட்டினால் அறைக் காற்று. இங்கே உள்பக்கம்தான்.

முறையான பழுது என்றால் முதலில் குழாயைச் சரிசெய்ய வேண்டும். கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்திச் செங்கலைத் திறந்துவிட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அதன்பின் காயவிட வேண்டும். செங்கல் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் எத்தனை மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. அவ்வளவு நாள் கூடத்தை மூட முடியாது என்கிறார்கள். சரி, நியாயம். அப்படியானால் இரண்டங்குலம் முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பலாமே. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, சிமென்ட் ஃபைபர் போர்டு வைத்து, காற்றுப் போக மேலும் கீழும் இரண்டங்குலம் இடைவெளி விட்டால் போதும். கூடத்தின் நீளம் குறையும் என்று மறுத்துவிட்டார்கள். இரண்டங்குலம்! கொத்தனார் வேலையும் இல்லை, மாதக் கணக்கும் இல்லை. மூன்று முறை பட்டி பார்த்த செலவில் முடிந்திருக்கும்.

இதெல்லாம் படத்தை என்ன செய்யும்? முதலில் ஹார்டுபோர்டு முதுகு ஈரம் குடித்து ஊதிப்போகும். அடுத்து தாள் அலையலையாக நெளியும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும், தாளில் பழுப்புப் புள்ளி விழும். நீர்வண்ணமும் அச்சுப் படமும்தான் முதல் பலி. கேன்வாஸ் தொய்ந்துபோகும், பின்பக்க மூலை ஆப்புகளை லேசாகத் தட்டி இழுத்துக்கொள்ளலாம். மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே வைக்கும் அட்டை) இல்லாமல் கண்ணாடியோடு நேரடியாக ஒட்டிய படம் என்றால் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோல் உரியும்.

ஏசியும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. பகலெல்லாம் ஓடி, மூடும் நேரத்தில் நிற்கிறது. உடனே வாசல் கதவைத் திறந்து பெருக்குகிறார்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடல் காற்று பட்டதும் நீர் கோத்துக்கொள்கிறது. ஏசியை நிறுத்தி, கதவைச் சாத்தியபடியே ஒரு மணி நேரம் மின்விசிறியை ஓடவிட்டுப் பிறகு திறக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

மற்றபடி மாட்டும் வசதியில் குறை சொல்ல முடியாது. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், மேலே அலுமினிய ரயில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தரும் நைலான் நரம்பை வாங்காதீர்கள். நைலான் தொடர்ந்து கனம் தாங்கினால் நீளும், முடிச்சும் நழுவும். திறப்பு விழாவன்று ரசமட்டம் வைத்து நேர்செய்த வரிசை பத்தாம் நாள் படிக்கட்டு மாதிரி நிற்கும். மெல்லிய எஃகு வயரும் அதற்கான திருகுக் கொக்கியும் எடுத்துப் போங்கள். ஒரு படத்துக்கு இரண்டு வயர், ஒரு வயரில் தொங்கினால் யாராவது தோளில் இடித்தாலே சாயும். சட்டகத்தின் டி வளையத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் திருகுங்கள். அதற்குக் கீழே போனால் படம் தலையை முன்னால் கவிழ்த்து நிற்கும்.

உயரக் கணக்கு பலரும் தவறவிடுவது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம். 24 அங்குல உயரச் சட்டகம், முதுகில் டி வளையங்களுக்கு இடையே கட்டிய வயர் கொக்கியில் இழுபட்ட நிலையில் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்றால் கொக்கி 57 + 12 − 3 = 66 அங்குலத்தில். வயரைத் தளர்வாக வைத்து அளந்தால் கணக்கு தப்பும். விளக்குகள் நல்லவை. நேர்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் திருப்பினால் கண்ணாடியில் பளபளப்பு விழாது. தாள் ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) போதும். இங்கே பலர் எல்லா விளக்கையும் முழுசாகப் போட்டு மீன் கடை போல ஆக்கிவிடுகிறார்கள்.

இவ்வளவு திட்டிய பிறகு கொட்டகைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இத்தனை ஆண்டும் அந்தப் பக்கம் போக்குவரத்து.

அவர்களுடைய லினோ அச்சுப் பட்டறையைப் போல (லினோ என்ற தகட்டைச் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பது) ஒழுங்காக நடத்தப்படுவது அரிது. இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் கால் மணி நேரம் உளியையே தொடவிட மாட்டார்கள். தண்டி யாத்திரைக் காந்தியை ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய அச்சின் நகலைச் சுற்றுக்கு விடுவார்கள். கறுப்புக்குள் வெள்ளைக் கோடாகக் கிழவரும் கைத்தடியும். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. காகிதத்தில் கறுப்புக் கோடு வரைந்து பழகிய கைக்கு இந்தத் தலைகீழ் பிடிபட நேரம் ஆகும்.

அடுத்தது எழுத்து. தமிழ் எழுத்தைச் செதுக்குவோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு, அதை இங்கேதான் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையையும் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோகும். ‘பெயர்’ என்று செதுக்கும்போது கொம்பு உட்பட ஒவ்வோர் உருவையும் தனித்தனியாகக் கண்ணாடிப் பிம்பமாக்கிவிட்டு வரிசையை மட்டும் அப்படியே வைத்தால், அச்சில் ‘ர்’ முதலில் வரும், பகரத்தின் கொம்பு அதன் முதுகுக்குப் பின்னால் போய் கடைசியில் நிற்கும். அதனால் பட்டர் பேப்பரில் நேராக 4பி பென்சிலால் எழுதச் சொல்லி, அந்தத் தாளைக் கவிழ்த்து லினோவில் வைத்து, முதுகில் கரண்டியால் தேய்க்க வைக்கிறார்கள். எழுத்தும் வரிசையும் தாமாகவே திரும்பிவிடும். மூளைக்கு வேலை இல்லை, தப்பும் இல்லை.

உளி பிடிக்கும் விதத்தில் கண்டிப்பு அதிகம். ஒவ்வொரு மேசையிலும் மரத்தடுப்பு உண்டு, பலகையின் கீழ் விளிம்பில் ஒரு சட்டம் மேசையைக் கவ்வும், மேல் விளிம்புச் சட்டம் லினோவைத் தாங்கும். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால். லினோ பட்டறையில் வெட்டுப்படுவது பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும் கையில்தான், அதுவும் உளி மழுங்கியிருக்கும்போது. மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் நழுவும். இங்கே உளியைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். லினோ என்பது ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணியில் படியவைத்தது. நாளாக ஆக எண்ணெய் இறுகிப் பொறுக்குத் தட்டும். பழைய துண்டு கைக்கு வந்தால் பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டுச் செதுக்குங்கள், வெண்ணெய் போல வரும்.

மை விஷயத்தில் சென்னை தன் குணத்தைக் காட்டும். நீர் மை என்றால் மின்விசிறிக் காற்றில் உருளையிலேயே காய்ந்துவிடும். மை தேய்க்கும் மேசைக்கு மேலிருக்கும் விசிறியை மட்டும் நிறுத்துகிறார்கள், மையில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுகிறார்கள். உருளையை ஓட்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மெல்லிய ‘சர்ர்’ ஓசை வந்தால் மை சரியான அளவு. ‘பச் பச்’ என்று ஒட்டினால் மை அதிகம், மெல்லிய கோடெல்லாம் அடைபடும். எண்ணெய் மையைக் கழுவ டர்பென்டைன் கிடையாது. சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, பிறகு சோப்பு. கொட்டகையில் தலைவலி வராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கையால் செய்த தடித்த தாள்தான் அழகு என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அதன் சொரசொரப்புக்கு அச்சு எந்திரத்தின் அழுத்தம் வேண்டும். கரண்டியால் தேய்த்தால் கறுப்பெல்லாம் வெள்ளைப் பொட்டு. வழுவழுப்பான மெல்லிய தாளே போதும். முதல் இரண்டு பிரதி மங்கலாக வரும், மூன்றாவதில்தான் லினோ மையைப் பிடித்துக்கொள்ளும். தாளை முழுசாக உரிக்காமல் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மங்கல் தெரிந்தால் மறுபடி கிடத்தித் தேய்க்கலாம்.

பட்டறை கண்காட்சிக்குச் சோறு போடுவது புதிய ஏற்பாடு அல்ல. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) முதலான கைவினைப் பொருள்களை விற்றுத்தான் தூரிகையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இந்தக் கூடமும் கொட்டகையின் கட்டணத்தில்தான் உயிர் வாழ்கிறது. அதை அறிந்ததால்தான் சுவர் விஷயத்தில் கோபம் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் பட்டறை முடிந்ததும் ஈர அச்சுகளைத் துணி கிளிப் போட்டு எங்கே தொங்கவிடுகிறார்கள் தெரியுமா? மேற்குச் சுவரோரம் கட்டிய கயிற்றில். எண்ணெய் மை ஐப்பசி கார்த்திகையில் காய ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும். அதை ஓதச் சுவரோரம் தொங்கவிட்டால் இன்னொரு வாரம். காயாததை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும். அடங்கிய கோபம் திரும்பிவிடுகிறது.

ஆக, எடுக்கலாமா? பட்டறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கண்காட்சிக்கு, இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்பேன். பட்டி வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மாட்டும் வசதியும் விளக்கும் இந்த வாடகைக்கு வேறெங்கும் கிடைக்காது என்பதும் தெரியும், இருந்தும் வேண்டாம்.

மீறி எடுப்பதானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடாதீர்கள், பிப்ரவரி மார்ச்சைக் கேளுங்கள். ஹார்டுபோர்டுக்குப் பதில் 3 மி.மீ. சன்போர்டு (ஈரம் குடிக்காத பிளாஸ்டிக் பலகை) முதுகு போடுங்கள். ஒவ்வொரு சட்டகத்தின் கீழ் மூலை இரண்டிலும் பாட்டில் கார்க்கை அரை அங்குலமாக அரிந்து ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள், 65ஐத் தாண்டினால் ஏசியை டிரை நிலையில் போடச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். மேற்குச் சுவரில் படம் வேண்டாம். கண்காட்சிக் குறிப்பை ஃபிளெக்ஸில் அடித்து அங்கே விடுங்கள், டேப் அந்தச் சுவரில் நிற்காது, ரயிலிலிருந்தே தொங்கட்டும்.