கார்லியன் ரோமக் கோட்டை: வட்டரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வேல்ஸில், நியூபோர்ட் நகரை ஒட்டி இருக்கிறது கார்லியன். கி.பி. 75 வாக்கில் இரண்டாம் அகஸ்டா லீஜியன் என்ற ரோமப் பெரும் படைப்பிரிவு கட்டிய கோட்டை. வருகிறவர்களில் பலர் வட்டரங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரோமப் படையின் கட்டுப்பாடு எப்படி நடந்தது என்பதைப் பிரிஸ்க் வயலில் உள்ள வீரர் குடியிருப்பில்தான் பார்க்க முடியும்.

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே மாதிரி அறை ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் வயலுக்குப் போனால் தாழ்வான கற்சுவர்க் கோடுகள் மட்டுமே தெரியும். எட்டுப் பேருக்கு இரண்டு சிறு அறைகள்: முன்னறையில் ஆயுதம், பின்னறையில் படுக்கை. இப்படிப் பத்துக் குழுக்கள், 80 பேர், ஒரு செஞ்சுரி. வரிசையின் கோடியில் அகலமாக இருப்பது அதன் தலைவரான செஞ்சூரியனின் வீடு. திராட்சைக்கொடித் தடி ஏந்திய அதிகாரி தன் ஆட்களின் பக்கத்திலேயே குடியிருந்தார். அவர்களுக்கு வேலை ஒதுக்குவதும் விலக்குத் தருவதும் அவரே. சீர்கேடும் அங்கிருந்துதான் வந்தது: விலக்குக்கு லஞ்சம், தாங்க முடியாத அடி. கி.பி. 14-இல் டான்யூப் ஆற்றையொட்டிய ரோம மாகாணமான பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்கள் லூசிலியஸ் என்ற செஞ்சூரியனைக் கொன்றார்கள். அவர் வீரர்களின் முதுகில் அடித்தே தடியை முறித்துவிட்டு அடுத்த தடி கேட்பாராம். "இன்னொன்று கொண்டா" என்பதே அவருக்கு வைத்த பட்டப்பெயர்.

பெரிய குறை தளபதியின் இடம்தான். லீஜியனை நடத்திய லெகேட் ஆணையிட்ட தலைமையகம் புனித கேடக் தேவாலயத்தின் அடியில் புதைந்திருக்கிறது, பார்க்க வழியில்லை. அதனால் இந்த லீஜியனின் போஸ்டுமஸ் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கார்லியனுக்கு வருமுன், பிரிட்டனில் ரோமர்களை எதிர்த்து அரசி பௌடிக்கா நடத்திய கிளர்ச்சியின்போது, படைக்குப் பொறுப்பாக இருந்த முகாம் தலைவர் போனியஸ் போஸ்டுமஸ் ஆளுநர் பாலினஸின் ஆணைப்படி படையை அனுப்பவில்லை. மற்ற லீஜியன்களின் வீரர்கள் வென்ற செய்தி வந்ததும் தன் வாளாலேயே குத்திக்கொண்டு இறந்தார். ஆணைக்குக் கீழ்ப்படியாததோடு தன் வீரர்களுக்குச் சேரவேண்டிய புகழையும் இழக்கவைத்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் காரணம் சொல்கிறார். தளபதியின் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வட்டரங்கம் கி.பி. 90 வாக்கில் கட்டியது. அன்று சுமார் 6,000 பேர் அமர முடிந்தது. எந்தப் பகுதியை எந்த செஞ்சுரி கட்டியது என்று பொறித்த கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. வேலையில் குறை என்றால் யாரைக் கேட்பது என்பது கல்லிலேயே இருந்தது.

நுழைவுக் கட்டணம் இல்லை. வயலும் அரங்கமும் திறந்தவெளிப் புல்தரை, மழை பெய்தால் சேறாகும். பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.