கூடத்தில் நடந்து கன்னியாகுமரிக்கு: நான்கு மெய்நிகர் பயணச் சவால்கள், ஓர் ஒப்பீடு

வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் நடக்கும் தூரத்தை ஏதேனும் ஒரு நெடும்பாதையின் வரைபடத்தில் வரவு வைத்து, அந்தப் பாதை முடியும்வரை நடந்துகொண்டே இருப்பதுதான் மெய்நிகர் பயணச் சவால். 2020 ஊரடங்கின்போது பரவலான இப்பழக்கம், மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தையை விட்டு வெளியே செல்ல முடியாத தாய்மார்களுக்கும் இன்றும் பயன்படுகிறது. எந்தச் சவால் நல்லது என்பதைப் பாதையின் அழகையோ பரிசையோ வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கக்கூடிய ஒருவரை அது எத்தனை மாதம் சோர்வின்றி நடக்க வைக்கும் என்பதே இங்கு அளவுகோல்.

பலரும் முதலில் கேள்விப்படுவது ‘தி கான்கரர்’ என்ற கட்டணச் செயலியைத்தான். இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர் (145 கி.மீ.), ஸ்பெயினின் சாண்டியாகோ யாத்திரைப் பாதை (772 கி.மீ.), பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரையிலான பாதை (1,744 கி.மீ.) எனப் பல வழிகள் அதில் உள்ளன. தூரம் கூடக்கூட அந்தந்த இடத்தைப் பற்றிய அஞ்சலட்டைகள் கைப்பேசிக்கு வரும். முடித்தவருக்கு உலோகப் பதக்கம் தபாலில் வரும். சைக்கிள் ஓட்டுவதையும் நீந்துவதையும்கூடக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், தொடங்கும் உற்சாகத்தில் மிக நீண்ட பாதையைத் தேர்ந்துவிடுவது. தினம் மூன்று கிலோமீட்டர் நடப்பவர் ஹேட்ரியன் சுவரை ஏழு வாரத்தில் முடித்துவிடுவார். 1,744 கிலோமீட்டர் பாதைக்கோ ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். பணம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுகிய பாதையில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இதற்கு நேர் எதிரானது, கெடு வைத்து ஆயிரக்கணக்கானோரை ஒன்றாக இறக்கிவிடும் பந்தயம். பார்க்லி மாரத்தான் என்ற கடினமான நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிய லாசரஸ் லேக், 2020 மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் மெய்நிகர் ஓட்டம் ஒன்றை நடத்தினார். சுமார் 1,020 கிலோமீட்டர் கொண்ட அதில் 19,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சாலையில் ஓடுபவருக்கு அது ஊக்கம்தான்; பத்து மீட்டர் கூடத்தில் திரும்பித் திரும்பி நடப்பவரின் முழங்காலுக்கு அது தண்டனை. சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 காலடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. சுமார் 7,500 அடிகளுக்குப் பிறகு அது மேலும் குறையவில்லை. எட்டு கிலோமீட்டரோ பத்தாயிரம் அடிகளுக்கு மேல். முதியவர்களுக்கு இவ்வகைப் பந்தயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்காட்லாந்தின் ‘வேர்ல்டு வாக்கிங்’ இலவசமானது. இன்வர்கிளைடு பகுதியில் இதய நோயிலிருந்து மீண்டுவந்தவர்களின் உடற்பயிற்சிக் குழுவிலிருந்து வளர்ந்த தொண்டு நிறுவனம் இது. அந்தப் பிறப்பின் நற்குணம் அதன் அமைப்பிலேயே தெரிகிறது. குழுவில் உள்ள எல்லோருடைய அடிகளும் ஒரே பாதையில் சேர்கின்றன. ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர்களின் நடை பயணத்தை நகர்த்துகிறது. பதக்கம் கிடையாது. ஆனாலும் இன்றைய கணக்கைக் கேட்க நாலு பேர் இருப்பது, பதக்கத்தைவிட வலுவாக மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பும் என்று உறுதியாக நம்புகிறேன். செயலி பழகாத பெற்றோர் இருந்தால், பிள்ளைகளில் ஒருவர் அவர்களுடைய அடிகளைப் பதிவு செய்துவிடலாம்.

எந்தச் செயலியானாலும் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஜிபிஎஸ் உதவாது. அடிக்கணக்கையே நம்ப வேண்டும். வெளியே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,300 அடிகள் என்றால், வீட்டுக்குள் காலடியின் நீளம் குறுகிவிடும். தரையில் பத்து மீட்டர் அளந்து ஒட்டுத்தாளால் குறியிட்டு நடந்து பாருங்கள். அதற்குப் பதினாறு அடிகள் ஆனால் உங்கள் கிலோமீட்டர் 1,600 அடிகள். அப்படிப்பட்டவர் 4,800 அடிகள் நடந்தால் உண்மையில் மூன்று கிலோமீட்டர். 1,300 என்று வைத்துக் கணக்கிடும் செயலி அதை 3.7 என்று காட்டும்.

இப்படி அளந்துகொண்டவருக்குச் செயலியே வேண்டியதில்லை. சுவரில் ஒரு வரைபடமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நான்காவதான இந்த வழியே நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தினம் மூன்று கிலோமீட்டர் என்றால் எட்டு மாதத்திற்குள் முடிந்துவிடும். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டின் கொளவாய் ஏரி, பிறகு பாலாற்றுப் பாலம், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, முப்பந்தலின் காற்றாலைகள் என ஊர் ஊராகப் பொட்டு வைத்துக்கொண்டே போகலாம். பேருந்தில் பலமுறை பார்த்த ஊர்கள் என்பதால் ஒவ்வொன்றும் பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சுக்கு வழி செய்யும். அயல்நாட்டு அஞ்சலட்டைகளால் அது ஆகாது. ஆர்வம் மிகுந்த குடும்பம் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,745 கிலோமீட்டர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44ஐ எடுத்துக்கொள்ளலாம்: நால்வர் ஆளுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து கூட்டினால், பத்தரை மாதத்தில் காஷ்மீரை எட்டிவிடலாம்.