275ஆ, 425ஆ? மார்பக இம்பிளான்டின் அளவும் அதனோடு வாழ்வதும்

மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள நினைக்கும் பெண் கொழும்பில் வைத்தியரைப் பார்க்கப் போகும்போது கைபேசியில் ஒரு புகைப்படமும் மனதில் ஓர் எழுத்தும் இருக்கும். சி வேண்டும், டி வேண்டும் என்றுதான் பேச்சே தொடங்கும். ஆனால் இம்பிளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் பை, வரும் பெட்டியில் எழுத்து இல்லை. சிசி, அதாவது மில்லிலீற்றர், கணக்கில் கொள்ளளவுதான் அச்சிடப்பட்டிருக்கும். பிராவின் எழுத்து சுற்றளவோடு சேர்ந்தே பொருள் தருவது. 34 சி, 36 பி, 32 டி ஆகிய மூன்றின் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே அளவு. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு பிரா தைத்து அனுப்பும் நாடு நம்முடையது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நிறுவனத்தின் சி இன்னொரு நிறுவனத்தின் சி அல்ல என்பார்கள்.

எனவே எழுத்தை விட்டுவிட்டு இரண்டு எண்களை ஒப்பிடுகிறேன்: 275, 425. முதலாவது என்னுடையது, இரண்டாவது என் மச்சாளுடையது. அவளிடம் கேட்டு, அவள் சரி சொன்ன பிறகே எழுதுகிறேன். இருவரும் ஒடுங்கிய தோளும் மெல்லிய உடம்பும் கொண்டவர்கள். இருவருக்கும் சிலிக்கோன் ஜெல், வட்ட வடிவம், வழவழப்பான மேற்பரப்பு, மார்பின் கீழ் மடிப்பில் வெட்டு, மேற்பாதி தசைக்குக் கீழே. வேறுபட்டது அளவும் அதற்கேற்ப முன்னே நிற்கும் உயரமும் மட்டும். எங்களைப் போன்ற உடம்புக்கு 275ஐ ஒட்டிய அளவே சரி என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

நெஞ்சின் அகலம்

நல்ல வைத்தியர் முதலில் அளவுநாடாவையும் கவ்வி அளக்கும் கருவியையும்தான் எடுப்பார். மார்பகத்தின் அடி அகலம், மேலே விரலால் கிள்ளினால் வரும் தடிப்பு, தோல் எவ்வளவு இழுபடுகிறது, காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரையான நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களான ஜோன் டெபெட்ஸும் வில்லியம் அடம்ஸும் 2005இல் ஐந்து அளவுகளைக் கொண்டு ஐந்து முடிவுகளை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். ஆசையிலிருந்து தொடங்காமல் உடம்பில் இருக்கும் திசுவிலிருந்து தொடங்குவதே அதன் அடிப்படை.

எனக்கு அடி அகலம் பதினொன்றரை சென்ரிமீற்றர். அதைவிட அகலமான இம்பிளான்ட் வைத்தால் ஒன்றில் அக்குள் பக்கம் பிதுங்கும், அல்லது நடு நெஞ்சை நோக்கி நெருங்கும். அளவு மீறினால் இரண்டு மார்பகங்களும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதும் உண்டு. அதைத் திருத்துவது வைத்தியர்களுக்கே பெரும் தலைவலி. 275 எனக்கு அகலத்துக்குள் அடங்கியது. மச்சாளின் அகலமும் ஏறக்குறைய அதுவே. 425ஐ அந்த அகலத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் முன்னுக்கு உயர்ந்த வடிவத்தை எடுக்க வேண்டும். அவளுக்கும் அதுதான் வைக்கப்பட்டது. ஒரே கொள்ளளவு தாழ்ந்த வடிவத்தில் அகன்று பரவும், உயர்ந்த வடிவத்தில் ஒடுங்கி முன்னே நிற்கும். ஆகவே ஒரு தோழி தனக்கு 350 என்று சொன்னால் அந்த எண் மட்டும் உங்களுக்கு ஒன்றையும் சொல்லாது. அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

அளவைப் போட்டுப் பார்க்க வைத்தியரிடம் மாதிரிகள் இருக்கும். பிராவுக்குள் வைத்து, மேலே இறுக்கமான சட்டை போட்டுக் கண்ணாடி முன் நிற்கச் சொல்வார்கள். அந்தச் சில நிமிடங்களில் எல்லோருக்கும் பெரியதுதான் பிடிக்கும். கண் விரைவில் பழகிவிடுகிறது, இன்னும் கொஞ்சம் என்று தோன்றுகிறது. நான் அதை நம்பவில்லை. வீட்டில் மெல்லிய காலுறை இரண்டில் அரிசியை நிரப்பி முடிச்சுப் போட்டு, விளையாட்டு பிராவுக்குள் வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை சமைத்தேன், கூட்டினேன், மாடிப்படி ஏறினேன். ஜாடியில் அளந்த 275 மில்லிலீற்றர் அரிசி, அதே கொள்ளளவு ஜெல்லை விடப் பாரம் குறைந்தது. மணிகளுக்கு இடையே காற்று இருக்கிறது. ஆகவே கொள்ளளவை ஒரு நாளும் எடையை இன்னொரு நாளும் தனித்தனியே பாருங்கள். ஜெல் ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். 275 சோடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 425 சோடி 800 கிராமைத் தாண்டும்.

சேலைச் சட்டையும் 100ஆம் இலக்க பஸ்ஸும்

வெள்ளவத்தையில் எங்கள் இருவருக்கும் சட்டை தைப்பவர் ஒரே அக்கா. சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னுடைய பழைய அளவுச் சட்டையில் முன்பக்கப் பிடிப்பைத் தளர்த்தி, ஓரத்தில் விட்டு வைத்திருந்த துணியைப் பிரித்தே சரிசெய்துவிட்டார். மச்சாளுக்கு வார்ப்பையே புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. முன்பக்கத்துக்கு நெஞ்சளவைக் கொடுத்தால் தோள் நழுவுகிறது; தோளுக்குச் சரியாக வெட்டினால் நடுக்கொளுக்கி இரண்டுக்கும் இடையே துணி வாயைத் திறக்கிறது. கடைசியில் பக்கவாட்டில் கொளுக்கி வைத்து, முன்பக்கத்தை மூன்று துண்டாக வெட்டித் தைத்தார். அழகாகத்தான் வந்தது. ஆனால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் இனி அவள் காலி வீதிக் கடைகளில் தைத்துத் தொங்கும் சட்டையை எடுத்துப் போட முடியாது. பஞ்சாபி வாங்கினாலும் நெஞ்சுக்குப் பொருந்துவது இடுப்பில் சாக்காகிறது.

வெயிலைப் பற்றி வெளிநாட்டுப் பெண்கள் எழுதுவதில்லை. கொழும்பில் ஏப்ரல் மாதத்தில் மார்பின் கீழ் மடிப்பு வியர்த்து, தோல் உரசிச் சிவந்து எரிவது 425இன் அன்றாடச் சங்கடம். மடிப்பைத் துடைத்து, உலர வைத்து, பருத்தித் துண்டை இடையில் செருகித்தான் அவள் வேலைக்குப் போகிறாள். எனக்கு அது மிக அரிது. இரவில் குப்புறப் படுப்பது இருவருக்கும் இல்லாமல் போயிற்று. பக்கவாட்டில் படுக்கும்போதுகூட அவளுக்குத் தலையணை ஒன்றை அணைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தும் தோளும் நோகும் நாட்களில் பிராவின் பட்டி தோளில் பதிந்த தடம் மாலையிலும் தெரியும். சுதந்திர சதுக்கத்தில் ஓடுவதை அவள் நடப்பதாக மாற்றிக்கொண்டாள்.

பார்வைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் முறைத்துப் பார்க்கும் கண்கள் புதியவை அல்ல. அதற்கு எந்தப் பெண்ணும் காரணம் அல்ல, எந்த அளவும் காரணம் அல்ல. ஆனாலும் அளவு கூடும்போது பார்வை கூடுகிறது என்பது அவள் அனுபவித்த உண்மை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் அவளுக்கு அதற்குப் பிறகு வந்தது. இதைத் தெரிந்துகொண்டு தெரிவுசெய்யும் உரிமை நமக்கு இருக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீதிக்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன். முதல் வருடத்தில் என்னை விட மகிழ்ச்சியாக இருந்தவள் அவளே. எனக்கு வீக்கம் வற்றியதும் இவ்வளவுதானா என்று ஒரு ஏக்கம் வந்தது. இது பலருக்கும் வருவது. ஆரம்பத்தில் மேலே ஏறி இறுகி நிற்கும் இம்பிளான்ட் கீழிறங்கி மென்மையாகி உருவெடுக்க மூன்று முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். அதற்கு முன் எந்த அளவைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தோலுக்கு உள்ளே

அளவோடு தொடர்பில்லாத சில விடயங்களில் நாங்கள் இருவரும் சமம். தசைக்குக் கீழே வைத்ததால் தேங்காய் திருவும்போதும் நனைந்த துணியைப் பிழியும்போதும் மார்பகம் மேலேறி அசைவது வெளியே தெரியும். கடலில் குளித்துவிட்டு வந்தால் உடம்பு சூடேறிய பிறகும் அந்த இடம் குளிர்ந்தே கிடக்கும். இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகிக் கெட்டியாவது எந்த அளவிலும் நேரலாம். அதன் கடுமையை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். சிலிக்கோன் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கக்கூடும். அதற்காகத்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஐந்தாறு ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையையும் அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர் பரிசோதனையையும் பரிந்துரைக்கிறது. இவை ஆயுளுக்கும் நிற்கும் சாதனங்கள் அல்ல என்ற எச்சரிக்கையை 2021இல் இம்பிளான்டின் விவரத்தாளில் கட்டம் கட்டிப் போட வைத்ததும் அதே நிர்வாகம். மமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இம்பிளான்டைப் பின்னே தள்ளித் திசுவை முன்னே இழுத்து எடுக்கும் மேலதிகப் படங்கள் தேவை.

அளவு பேசத் தொடங்குவது தோலிலும் திசுவிலும். பாரம் நாள்தோறும் கீழே இழுக்கிறது, தோல் மெலிகிறது, சொந்தத் திசு அழுத்தத்தில் சுருங்குகிறது. மெல்லிய உடம்பில் ஓரம் விரலுக்குத் தட்டுப்படும், குனிந்தால் பக்கவாட்டில் அலைபோன்ற சுருக்கம் தெரியும். காம்பின் உணர்ச்சி குறைவதற்கும் பெரிய அளவில் வாய்ப்புக் கூட, ஏனெனில் நரம்பு அதிகம் இழுபடுகிறது. மச்சாளுக்குச் சில ஆண்டுகளில் இம்பிளான்ட் பழைய மடிப்பைத் தாண்டிக் கீழே வழுகியது. வெட்டுத் தழும்பு மடிப்பில் மறைந்திருக்க வேண்டியது, இப்போது மார்பகத்தின் மேலேயே ஏறி நிற்கிறது; காம்பு மேல்நோக்கிப் பார்க்கிறது. மேற்பகுதி வெறுமையாகிவிட்டது. பெரிய அளவைக் கேட்டதே அந்த மேற்பகுதி நிறைவுக்காகத்தான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இங்கேதான் இரண்டு அளவுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு இருக்கிறது. 275 போதவில்லை என்றால் பிறகு 325க்குப் போகலாம். இன்னொரு சத்திரசிகிச்சை, இன்னொரு செலவு, ஆனால் திசு இருக்கிறது. 425இலிருந்து இறங்குவது அப்படியல்ல. விரிந்த தோல் தானாகச் சுருங்காது. சிறியதை வைத்தால் தொங்கும். தூக்கித் தைக்க வேண்டும். காம்பைச் சுற்றியும் கீழ்நோக்கியும் புதிய தழும்புகள் வரும். மச்சாள் இப்போது அதற்குத்தான் பணம் சேர்க்கிறாள். மறு சத்திரசிகிச்சையில் சிக்கல் நேரும் வாய்ப்பு முதலாவதை விடக் கூடுதல் என்பதால், சிறியதை வைத்துப் பார்த்துப் பிறகு கூட்டலாம் என்று திட்டமிடுவதும் சரியல்ல. முதல் முறையே சரியாக அளந்து, இரண்டு எண்களுக்கு இடையே மனம் ஊசலாடினால் சிறியதை எடுங்கள்.

யாருக்கு 425 பொருந்தும்

உயரமான, தோள் அகன்ற, அடி அகலம் பதினான்கு சென்ரிமீற்றரை ஒட்டிய பெண்ணுக்கு 425 மிதமான அளவுதான். அவருக்கு 275 வைத்தால் பக்கங்களில் வெற்றிடம் விழும், நடுவில் இடைவெளி விரியும். பிள்ளை பெற்றுப் பாலூட்டித் தோல் தளர்ந்தவர்களின் நிலை வேறு. தளர்ந்த பையை நிரப்பப் பெரிய இம்பிளான்டே போதும், தூக்கித் தைக்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு நிபுணரிடமும் கேளுங்கள். காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் அளவைக் கூட்டுவது தொங்கலை ஒளிக்கும், பிறகு பாரத்தால் அதையே கூட்டும்.

இம்பிளான்டே வேண்டாம் என்றால் வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை மார்பில் ஏற்றலாம். கூடினால் ஒரு கிண்ணம் அளவு வரும். ஏற்றியதில் ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். எங்களைப் போன்ற மெலிந்தவர்களிடம் எடுக்கக் கொழுப்பும் இருக்காது. பஞ்சு வைத்த பிரா பலருக்குப் போதுமானது. எனக்குப் போதவில்லை, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணத்துவம் பெற்றவரா என்று பாருங்கள். அழகு நிலையப் பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இம்பிளான்ட் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். மேற்பரப்பையும் கேளுங்கள்: சொரசொரப்பான ஒரு வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று தெரிந்ததால் 2019இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பிரான்சின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைத் தர சிலிக்கோனை இம்பிளான்டுக்குள் நிரப்பியது 2010இல் வெளிப்பட்டபோது, தன் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட் என்பதே ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் கேள்வியானது. நிறுவனப் பெயர், தொடர் இலக்கம், அளவு, வடிவம் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே கோவையில் வைத்துவிடுங்கள்.