ஈரலும் நெத்திலியும்: ஒரு சிப்பிப்பாறை நாயைப் பழக்கிய மூன்றரை ஆண்டு

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது 60 நாள் குட்டி. சிப்பிப்பாறை இனம்; விருதுநகர் மாவட்டத்தில் சித்தப்பாவின் தோட்டத்தில் பிறந்தவன். அவனுக்கு ஐந்து மாதம் ஆனபோது ஈரல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பழக்கத் தொடங்கினேன். மூன்றரை ஆண்டு ஓடிவிட்டது. கோழி ஈரல், ஆட்டு நுரையீரல், நெத்திலி, கடையில் விற்கும் இறைச்சிக் குச்சி என எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். எது எங்கே உதவியது, எது உதவவில்லை என்பதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் அவனுக்கு ஈரலே தேவைப்படவில்லை. ஒரு ரஸ்க் துண்டுக்கு உட்காருவான், படுப்பான், "இரு" என்றால் வாசற்படியைத் தாண்டாமல் நிற்பான். மதுரையில் எங்கள் வீடு திருநகரில். காலையில் தென்கால் கண்மாய்க் கரைப் பக்கம் கூட்டிப்போனால் எல்லாம் தலைகீழாகிவிடும். கொக்கு எழும்பும், ஆட்டு மந்தை போகும், புதரிலிருந்து கீரி குறுக்கே ஓடும். ரஸ்கை மூக்கருகில் நீட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறிக்குப் பாதி நாள் திரும்பினான், பாதி நாள் இல்லை.

முதல்முறை கோழி ஈரலை எடுத்துப்போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டைப்பையிலிருந்து துண்டை எடுப்பதற்குள் அவன் மூக்கு என் இடுப்பருகே வந்துவிட்டது. நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700 தான். மனிதருக்கோ 9,000 அளவில். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதியை அது மூக்கால் தீர்மானிக்கிறது. ரஸ்க் வாயருகே போனால்தான் தெரியும். ஈரல் பத்தடி தள்ளியே தன்னை அறிவித்துக்கொள்கிறது. இன்னொன்றையும் போகப்போகக் கண்டுகொண்டேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே கொடுத்தால் வாசம் குறைவு. கால்மணி நேரம் பையில் கிடந்து உடல் சூடு ஏறியதும், விரலால் ஒருமுறை நசுக்கிக் கொடுத்தால், அதே துண்டுக்கு இருமடங்கு கவனம் கிடைக்கிறது.

தயாரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் இதில்தான் சலித்துக் கைவிடுகிறார்கள். கோழிக்கடையில் ஈரலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பித்தப்பை ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். நன்றாகக் கழுவி வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும். உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே நம் குழம்புக்கு வைத்த பாத்திரத்திலிருந்து அள்ளிப் போடவே கூடாது. ஆறியதும் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். அதைவிடப் பெரிதாக நறுக்கினால் மென்று தின்னவே நேரம் போய்விடும். பழக்கத்தின் வேகம் அறுந்துபோகும்.

உலர்த்துவதில்தான் நான் நிறையத் தடுமாறினேன். வடகம் காயவைப்பதுபோல் மொட்டைமாடியில் வலை போட்டு விரித்தேன். எறும்பு வரிசை வந்தது, காக்கை வலையையே இழுத்தது. இரும்புத் தோசைக்கல்லில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் புரட்டிப் புரட்டி எடுத்தேன். அது நன்றாகவே வந்தது, ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. இப்போது சிறிய மின் அடுப்பில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம். மேலே தோல்போல இறுகி, உள்ளே சற்று மென்மையாக இருக்கும்போது எடுத்துவிடுகிறேன். 1 கிலோ ஈரல் காய்ந்தபின் 300 கிராம் அளவே தேறும். அதை ஒரு வாரப் பங்குகளாகப் பிரித்து உறைபெட்டியில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்த டப்பா மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்தது, முழுவதையும் கொட்டினேன்.

வீடு முழுக்க வாசம் வரும் என்பது உண்மை. அமாவாசை, கார்த்திகை, வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குள் இதைச் செய்ய விடமாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, மின் அடுப்பை மாடிக்குக் கொண்டுபோய், தனிப் பாத்திரத்தில் என்று ஒரு முறை வைத்துக்கொண்ட பிறகு பிரச்சினை இல்லை.

முதல் நான்கு மாதங்கள் நான் செய்தது தவறான முறை. ஈரலைக் காட்டி, "வா" என்று கூப்பிட்டேன். அவன் வந்தான். கை வெறுமையாக இருந்த நாளில் வரவில்லை. அவன் கற்றுக்கொண்டது என் சொல்லை அல்ல, என் கையை. எவர்சில்வர் சம்புடத்தின் மூடி திறக்கும் ஓசை கேட்டால் தெருக்கோடியிலிருந்து ஓடிவருவான்; பெயரைச் சொன்னால் காதை மட்டும் அசைப்பான். ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற உடலியல் அறிஞர் நாய்களுக்கு இறைச்சித்தூள் கொடுத்துச் செய்த சோதனைகளிலும் வரிசைதான் முக்கியம்: அறிகுறி முதலில், இறைச்சி அடுத்து. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே மாற்றினேன். கை இரண்டும் வெறுமையாகத் தொங்கும். சொல் முதலில். அவன் செய்ததும் "சபாஷ்". அந்தச் சொல் முடிந்த பிறகே கை பைக்குள் போகும். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. இப்போது "சபாஷ்" கேட்டதும் அவன் உடல் முழுதும் தளர்ந்து வால் ஆடுகிறது, துண்டு வருமுன்பே.

அடுத்து வந்தது நெத்திலி. முதலில் கருவாட்டையே வாங்கினேன். மூன்று முறை தண்ணீர் மாற்றி இரவெல்லாம் ஊறவைத்தும் உப்பு போகவில்லை; அவன் அன்று குடித்த தண்ணீரைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டேன். பிறகு பச்சை நெத்திலியை வாங்கி, தலையும் குடலும் நீக்கி, உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து உலர்த்தினேன். ஈரலைவிட இதன் வாசம் கடுமை. இதை ஒரே ஒரு சொல்லுக்கு ஒதுக்கினேன்: "வா". உட்கார்ந்தாலும் படுத்தாலும் நெத்திலி கிடையாது. கூப்பிட்டு வந்தால் மட்டும், ஒன்றல்ல, நான்கைந்து, ஒன்றன்பின் ஒன்றாக. எட்டு மாதம் பத்து மீட்டர் கயிற்றில் கட்டியே இதைச் செய்தேன்.

அவனுக்கு ஒன்றரை வயது ஆனபோது ஒரு காலை, கரைமேல் கயிறு என் கையிலிருந்து நழுவியது. எதிரே கீரி. அவன் இருபது தப்படி போயிருப்பான். "செவலை, வா!" என்று கத்தினேன், கத்தும்போதே நம்பிக்கை இல்லை. அவன் புழுதி பறக்கத் திரும்பினான். பையில் இருந்த நெத்திலி அத்தனையையும் மண்டியிட்டு ஊட்டினேன்; என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கரையை ஒட்டிய சாலையில் அப்போது பஸ் போய்க்கொண்டிருந்தது.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. அதே ஆண்டில் முயல் ஒன்றின் பின்னால் கயிற்றோடு ஓடி, முள்வேலியில் சிக்கி வயிற்றைக் கிழித்துக்கொண்டான். சிப்பிப்பாறை கண்ணால் விரட்டும் இனம். கண் எதையாவது பிடித்துக்கொண்டு, கால்கள் முழு வேகத்துக்குப் போய்விட்டால், அங்கே மூக்குக்கு வேலையே இல்லை. எந்த இறைச்சியும் எட்டாது. காது நிமிர்ந்து, முன்கால் ஒன்று லேசாகத் தூக்கி, உடல் விறைக்கும் அந்த நொடியில் கூப்பிட வேண்டும். அந்த நொடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு நடந்த பயிற்சி. இன்றும் ஆடு மேயும் பக்கம் கயிற்றை அவிழ்ப்பதில்லை.

உடல்நலம் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டாம் மாதம் உற்சாகத்தில் ஒரே நாளில் கைநிறையக் கொடுத்தேன். மறுநாள் கடும் வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்; அது கொழுப்பில் கரைவது என்பதால் உடலில் தேங்கும். நாள்தோறும் அளவில்லாமல் கொடுத்தால் நாளடைவில் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். பரிசாகக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து அன்றைய உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அன்றிலிருந்து ஈரல் வாரம் இரண்டு நாள்; மற்ற நாள்களில் ஆட்டு நுரையீரல். நுரையீரல் உலர்ந்தால் பஞ்சுபோல லேசாகும், கொழுப்பு குறைவு, விரலாலேயே பிய்க்கலாம். வாசத்தில் ஈரலுக்குச் சற்றுக் கீழே, ஆனால் அன்றாடத்துக்கு அதுவே போதும். விலையும் குறைவு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை தெருநாய்கள். நம் ஊரில் ஈரல் மணக்கும் துணிப்பையோடு நடந்தால் தனியாக நடக்க முடியாது. ஒருநாள் ஐந்து நாய்கள் கரை முழுவதும் தொடர்ந்து வந்தன. செவலை பதறிப்போனான், பாடம் எதுவும் நடக்கவில்லை. அவற்றின் மீது எனக்குக் கோபம் இல்லை, பசித்த வயிறுகள். துணிப்பையை விட்டு, ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான சிறு டப்பாவுக்கு மாறினேன். பத்துத் துண்டுகளுக்கு மேல் எடுத்துப்போவதும் இல்லை.

கடையில் வாங்கிய இறைச்சிக் குச்சிகளை ஆறு மாதம் பயன்படுத்தினேன். புகை வாசம் பலமாக இருக்கும், கை அழுக்காகாது, பயணத்துக்கு வசதி. ஆனால் பொட்டலத்தைப் படித்தால் இறைச்சிக்குப் பிறகு கிளிசரினும் சர்க்கரையும் வரிசையாக வருகின்றன. செவலையும் இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டான். ரயிலில் போகும்போது தவிர இப்போது வாங்குவதில்லை.

தீபாவளி இரவு நெத்திலியும் தோற்கும். வெடிச்சத்தத்தில் கட்டிலடியில் ஒடுங்கிக் கிடந்தவனிடம் நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனக்குப் பிடித்ததையே தொடாத அளவுக்குப் பயந்திருக்கிறான் என்று அப்போது புரிந்தது. இப்போது அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்: துண்டைத் தொடாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த இடத்தைவிட்டு விலகிப் போய்விடுவோம்.

இன்று உட்கார், இரு போன்றவற்றுக்கு ஐந்து முறைக்கு ஒருமுறை, அதுவும் எப்போது என்று அவனுக்குத் தெரியாதபடி, நுரையீரல் துண்டு கிடைக்கிறது. மற்ற நேரம் சபாஷும் கழுத்தடியில் ஒரு சொறிதலும். "வா"வுக்கு மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் நெத்திலி. அதைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் வாசம் நிற்கும். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைத் தேய்த்துக் கழுவினால் போய்விடுகிறது. அம்மா சொல்லித் தந்தது.