வீட்டு ஜாமிங் ரூம்: பிரமிடு ஃபோமா, ராக்வூல் பலகையா?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம், பூசிய செங்கல் சுவர், தரையில் டைல்ஸ். நம்மூரில் வீட்டு ஜாமிங் ரூம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதற்குள் டிரம்ஸ், பேஸ், ஒரு கிதார், ஒரு பாடகர் சேர்ந்துவிட்டால் பாடும் வரி ஒன்றும் விளங்காது. சிம்பல் காதைக் குத்தும். பேஸில் ஒரு சுரம் அறையையே ஆட்டும், அடுத்த சுரம் இருக்கும் இடமே தெரியாது. பரிகாரம் தேடினால் ஆன்லைனில் முதலில் வந்து நிற்பது ஓரடிச் சதுர பிரமிடு ஃபோம். அடுத்து, மரச் சட்டத்தில் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) அடைத்துத் துணி போர்த்திய பலகை. ஒற்றை ஆள் குரல் பதிவு செய்கிற மூலைக்கு ஃபோம் ஓரளவு போதும். பேண்ட் வாசிக்கும் அறைக்கு ராக்வூல்தான்.

முதலில் ஒன்று. “சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்” என்று விற்பதை நம்பி வாங்க வேண்டாம். ஃபோமும் ராக்வூல் பலகையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் டிரம்ஸ் சத்தத்தை இரண்டும் நிறுத்தாது. அதற்குச் சுவரின் எடையும் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது.

ஃபோம் எங்கே தோற்கிறது என்பதை அதைத் தயாரிப்பவர்களின் எண்களிலேயே பார்க்கலாம். ஆராலெக்ஸ் நிறுவனத்தின் 2 அங்குல வெட்ஜ் ஃபோமுக்கு உறிஞ்சும் அளவு (0 என்றால் ஒன்றும் உறிஞ்சாது, 1 என்றால் முழுதும் உறிஞ்சும்) 125 ஹெர்ட்ஸில் 0.11, 250-இல் 0.30, 500-இல் 0.91. அதே 2 அங்குலத்தில் ராக்வூலைப் போலவே வேலை செய்யும் ஓவன்ஸ் கார்னிங் 703 கண்ணாடிப் பஞ்சுப் பலகைக்கு 0.17, 0.86, 1.14. (ஆய்வுக்கூடத்தில் பலகையின் ஓரங்களும் உறிஞ்சுவதால் 1-ஐத் தாண்டும்.) 250 ஹெர்ட்ஸ் வரிசையைக் கவனியுங்கள்: மும்மடங்கு வித்தியாசம். ஸ்னேர் டிரம்மின் உடம்பு, ஆண் குரலின் கனம், டிஸ்டார்ஷன் போட்ட கிதாரின் அடிப்பகுதி எல்லாம் மோதிக்கொள்ளும் இடம் 150 முதல் 400 வரை. வரி விளங்காமல் போவதும் அங்கேதான்.

ஆராலெக்ஸ் அடர்த்தியான ஃபோம். இங்கே மலிவாகக் கிடைக்கும் 25 மி.மீ. துண்டுகள் அந்த அளவுக்கும் வராது. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும். சுவர் முழுக்க அதை ஒட்டினால் மேல் ஒலி மட்டும் செத்துப்போகும், குழப்பம் அப்படியே இருக்கும். உடனே கிதார்காரர் ட்ரெபிளை ஏற்றுவார், டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். கைதட்டிப் பார்த்தால் எதிரொலி இல்லாததால் அறை சரியாகிவிட்டது போலத் தோன்றும். கைதட்டலில் கீழ் ஒலியே கிடையாது, அதனால் அந்தச் சோதனை பாதிதான் சொல்லும். மூலைக்கென்று விற்கும் முக்கோண ஃபோம் துண்டுக்கும் “பேஸ் ட்ராப்” (கீழ் ஒலியைப் பிடிக்கும் பொறி) என்ற பெயர் அதிகப்படி.

சின்னத் தொல்லைகளும் உண்டு. காற்றை உறிஞ்சி அப்பளமாக வரும் துண்டுகள் முழு உருவத்துக்கு உப்ப ஒன்றிரண்டு நாள் ஆகும், சில கடைசிவரை உப்பாது. ரப்பர் பசையில் ஒட்டினால் கழற்றும்போது டிஸ்டெம்பரும் சேர்ந்து உரிந்து வரும். வாடகை வீட்டில் அட்வான்ஸ் பணத்துக்கு அது கேடு. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பாலியூரித்தேன் ஃபோம் மஞ்சளாகி, சில வருடத்தில் தூளாக உதிரும்.

பெரிய தொல்லை தீ. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் வாணப் பொறி மேடைச் சுவரின் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் விடுதியில் 242 பேர், 2015-இல் புக்கரெஸ்டின் கொலெக்டிவ் விடுதியில் 64 பேர். மூன்றிலும் பற்றியது ஒலிக்காக ஒட்டிய ஃபோம்தான். எரியும் பாலியூரித்தேன் புகையில் சயனைடு வாயு இருக்கும். வீட்டில் வாணம் விட மாட்டோம்தான். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஆம்ப் சொருகி, மூலையில் கொசுவர்த்தி கொளுத்தி வைப்போம். தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை அந்த அறையில் ஒட்டவே கூடாது. ராக்வூல் 1000 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

ராக்வூல் வாங்கும்போது “ஸ்லாப்” என்று கேளுங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ, தடிமன் 50 மி.மீ., அளவு 1.2 மீட்டருக்கு 60 செ.மீ. (1 மீட்டர் நீளத்திலும் வரும்). இதைவிடக் கெட்டியான பலகை கேட்டு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. கம்பி வலை தைத்த ரோல் பாய்லருக்குச் சுற்றுவது. சட்டத்தில் நிற்காமல் சரியும். அலுமினியத் தாள் ஒட்டிய ஸ்லாப் கொடுத்தால் தாளை உரித்துவிடுங்கள், அல்லது அந்தப் பக்கத்தைச் சுவர் நோக்கி வையுங்கள். முன்பக்கம் தாள் இருந்தால் சிம்பல் சத்தம் திரும்பி வரும்.

சட்டத்துக்கு 4 அங்குல அகல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) போதும். 50 மி.மீ. பஞ்சு முன்பக்கம், பின்னால் 50 மி.மீ. வெறும் காற்று. ராக்வூல் முறையின் லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சுவரை ஒட்டிய காற்று அசையாது, தள்ளி இருக்கும் காற்றுதான் அசையும். அசையும் காற்றில் பஞ்சை வைத்தால்தான் கீழ் ஒலி மாட்டும். அதனால் பின்னால் ப்ளைவுட் அடித்து மூடும் தச்சரைத் தடுத்துவிடுங்கள். அழகுக்காகச் செய்கிறார், ஆனால் அந்த இடைவெளி வீணாகிறது. பஞ்சு சரியாமல் இருக்க பின்புறம் நைலான் கயிற்றை எக்ஸ் வடிவில் கட்டினால் போதும். சட்டத்தின் உள் அளவை ஸ்லாபைவிட 5 மி.மீ. குறைத்தால் பஞ்சு இறுக்கமாக உட்காரும்.

துணிக்கு ஒரே சோதனை, வாயில் வைத்து ஊதுவது. மூச்சு தாராளமாகப் போனால் சரி. காடா துணி, மெல்லிய சாக்குத் துணி இரண்டும் தேறும். ரெக்ஸின் தேறாது. துணிக்கு அடியில் மெல்லிய நான்-ஓவன் துணி ஒரு சுற்று கொடுத்தால் நார் உதிராது. வெட்டும்போது கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். விசிறியை நிறுத்திவிட்டு மாடியில் வெட்டுவது உத்தமம். பலகை ஒன்றுக்கு ஆகும் செலவில் மரமும் கூலியும் பஞ்சை மிஞ்சும் என்பதால், சொந்தமாக ட்ரில்லிங் மெஷினும் ஸ்டேப்ளரும் வைத்திருப்பவருக்கு நல்ல மிச்சம்.

எத்தனை பலகை? சபைன் சூத்திரத்தில் போடலாம்: எதிரொலி நேரம் (சத்தம் அடங்க ஆகும் வினாடி) = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். மேலே சொன்ன அறை 34 கன மீட்டர். சுவர், தரை, நாலு ஆள் எல்லாம் சேர்ந்து 3.7 சதுர மீட்டர் உறிஞ்சல் என்று வைத்தால் எதிரொலி ஏறக்குறைய 1.5 வினாடி. பேண்டுக்கு 0.3 முதல் 0.4 வேண்டும். ஒரு பலகை 0.72 சதுர மீட்டர், அத்தனையும் உறிஞ்சும் என்று கொள்வோம். 12 பலகையில் 0.44-க்கு வரும், 16-இல் 0.36. இவ்வளவு சின்ன அறையில் இந்தக் கணக்கு தோராயம்தான், இருந்தாலும் 4 பலகை மாட்டிவிட்டு மாயம் எதிர்பார்ப்பவருக்கு இது பதில் சொல்லும்.

மாட்டும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் பலகைகள் பாடகரின் முதுகுக்குப் பின்னால். மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடகரை மட்டுமல்ல, அவர் பின்னால் உள்ள சுவரையும்தான். அங்கே பட்டுத் திரும்பும் டிரம்ஸ் சத்தம் நேரே மைக்குக்குள் போகும். அடுத்து டிரம்மருக்குப் பின்னாலும் தலைக்கு மேலும். கூரை நடுவில் ஃபேன் இருப்பது ஒரு இடைஞ்சல். ஃபேனை எடுத்துவிட்டுச் சுவர் விசிறி போடுங்கள், அல்லது டிரம்ஸை ஒரு சுவர் ஓரம் தள்ளி அதன் மேல் இரண்டு பலகையைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், கூரையிலிருந்து 10 செ.மீ. கீழே. எதிரெதிர்ச் சுவர்களில் பலகைக்கு எதிரே வெறும் சுவர் வருமாறு மாற்றி மாற்றி மாட்டினால் குறைந்த பலகையில் அதிக இடம் அடங்கும். டிரம்ஸுக்கு அடியில் ஜமுக்காளம் நல்லது. பேஸ் டிரம் நழுவாது, டைல்ஸின் பளீர் ஒலி கொஞ்சம் குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மூலைகளுக்கு ஸ்லாபை இரட்டையாக, 100 மி.மீ. தடிமனாக்கி, குறுக்கே 45 டிகிரியில் தரையிலிருந்து கூரை வரை நிறுத்த வேண்டும். 60 செ.மீ. பலகை மூலையிலிருந்து இரு சுவரிலும் 42 செ.மீ. எடுத்துக்கொள்ளும். நாலு மூலையில் கதவு ஒன்றைத் தின்றுவிடும், மூன்றே கிடைக்கும்.

இதற்குப் பிறகும் தீராத ஒன்று இருக்கிறது. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டின் அதிர்வும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது. பேஸ் கிதாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், அடுத்த ஏ ஷார்ப் 58. பன்னிரண்டு அடி நீளம் 47-இல் நிற்கும். அது எஃப் ஷார்ப் பக்கம். 57 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கே ஒன்றரை மீட்டர் என்பதால் மூலைப் பலகை இந்த உறுமலைக் குறைக்கும், ஒழிக்காது. பேஸ் ஆம்பை மூலையிலிருந்து இரண்டு மூன்றடி வெளியே இழுப்பது, ஈக்யூவில் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் வசதி) 57-ஐச் சுற்றிக் குறுகலாக 4–5 டெசிபெல் வெட்டுவது, குரல் மைக்குக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுவது: செலவில்லாத இந்த மூன்றும் இன்னும் இரண்டு பலகை வாங்குவதைவிடப் பலன் தரும். கிதார் ஆம்பை ஒரு ஸ்டூலில் ஏற்றிக் காது நோக்கிச் சாய்த்தால் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் தானாகவே வால்யூமைக் குறைப்பார். 100 டெசிபெல்லில் காதுக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்கிறது. மூடிய அறையில் டிரம்ஸ் அதை எளிதாகத் தாண்டும். பலகை எத்தனை மாட்டினாலும் இயர்பிளக் தேவை.

16 பலகையையும் ஒரே தவணையில் செய்ய வேண்டாம். பாடகர் பின்னால் 2, டிரம்ஸைச் சுற்றி 4, பிறகு மூலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து பாருங்கள். அளக்கும் மைக் இல்லையென்றால் பேஸ்காரரை ஒரே பலத்தில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறச் சொல்லி, மற்றவர்கள் அறையின் நாலு இடத்தில் நின்று கேளுங்கள். எந்தச் சுரம் உறுமுகிறது, எது மறைகிறது என்று குறித்துக்கொண்டு, அதன்பின் மீதிப் பலகைக்குத் தச்சரைக் கூப்பிடலாம்.